பாரதி பாத்ரூமில் விழவில்லை

என் முதுகெலும்பு உடைந்ததைக் கேள்விப்பட்டவர்கள் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். பெல்ட் போடலியா? புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்தவர் கேட்டார். எலும்பு டாக்டர் கேட்டார், அதுவும் சிரித்துக்கொண்டே. வீட்டுக்கு வந்ததும் நைனாவும் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பெல்ட் பேசஞ்சருக்கு நைனா. நான் நின்னுக்கினு டீ ஊத்திக்கினு இருந்தேன்” என்றேன்.

“நின்னா கம்பிய கெட்டியா புடிச்சிக்கினு நிக்கணும். நாங்கல்லாம் பஸ்ஸுல நிக்கல?”

என் நைனா ராமகிருஷ்ணன் அரசு பஸ் கண்டக்டர். செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே தன் ஆயுசில் பாதியை நின்றபடியே கழித்தவர். விமானத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது என்று சொன்னேன். அப்படி ஒரு வண்டியை ஓட்ட யார் பர்மிட் கொடுத்தது என்று கேட்டார். பாசத்தில்தான் பேசுகிறார் என்று தெரியும். தெரிந்து என்ன, எரிச்சல் எரிச்சல்தான்.

நடந்தது இதுதான். கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தோம். வெளியே பொட்டு மேகம் இல்லை. பெல்ட் விளக்கும் எரியவில்லை. நானும் என்னோடு வேலை செய்யும் இக்ராவும் பின்வரிசைகளில் டிராலியைத் தள்ளிக்கொண்டு டீ, காபி கொடுத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று விமானம் கீழே போனது, நாங்கள் போகவில்லை. என் தலையும் தோளும் கூரையில் இடித்தன. விமானம் மறுபடி மேலே ஏறியபோது நான் ஓர் இருக்கையின் கைப்பிடி மேல் முதுகு பட விழுந்தேன். இக்ராவின் கணுக்கால் மேல் டிராலி சாய்ந்தது. அதற்கு அப்புறம்தான் பெல்ட் விளக்கு எரிந்தது. பணிப்பெண்கள் எல்லோரும் உட்காருங்கள் என்று கேப்டன் குரல் வந்தது. எங்கே உட்காருவது, நான் நடைபாதையில் மல்லாந்து கிடந்தேன். பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டுப் பத்திரமாக இருந்தவர் குனிந்து என்னிடம் டிஷ்யூ கேட்டார். சட்டையில் காபி கொட்டிவிட்டதாம்.

எடுத்துக் கொடுத்தேன். எங்கள் வேலையின் லட்சணம் அது. விழுந்த கையோடு எழுந்து, கப்புகளைப் பொறுக்கி, ஒவ்வொரு வரிசையாகப் போய் எல்லோரும் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து, சிரிக்கவும் சிரித்தேன். இக்ராவின் கால் கோணிக்கொண்டு கிடந்ததை விமானமே பார்த்தது. இறங்கியதும் அவளுக்கு வீல்சேர் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. எனக்குள் உடைந்ததை யாரும் பார்க்கவில்லை, நானும்தான். முதுகுவலி என்று ரிப்போர்ட் கொடுத்தேன். கம்பெனி டாக்டர் ஸ்ப்ரே அடித்து, மாத்திரை கொடுத்து, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுக்கச் சொன்னார். விமானத்தில் வேலை செய்கிறவர்களில் முதுகுவலி இல்லாதவர் யார் என்று நானும் செஞ்சிக்குப் பஸ் ஏறிவிட்டேன். திண்டிவனம் தாண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் உயிர் போய் உயிர் வந்தது. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

அப்புறம்தான் புதுச்சேரிக்குக் காரில் போனதும், கீழ்முதுகில் ஓர் எலும்பு நசுங்கியிருப்பது தெரிந்ததும். மூன்று மாதம் ஓய்வு என்றார்கள். இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்ட ஒரு பெல்ட் கொடுத்தார்கள். பெல்ட் போடலியா என்று கேட்ட அத்தனை பேர் மனமும் குளிரட்டும் என்று இப்போது நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் அம்மா பவுனம்மாள் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவள் தெருவைச் சமாளிக்கிற வேலையில் இறங்கிவிட்டாள். புதுச்சேரியிலிருந்து திரும்பிய கார் வாசலில் நின்றதுமே பக்கத்து வீட்டு அசீசுன்னிசா அத்தை ஓடி வந்தாள்.

“இன்னா பவுனு, பாரதிக்கு இன்னா ஆச்சி?”

“பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டாக்கா.”

நான் காருக்குள் படுத்திருந்தேன். மருந்து மயக்கத்தில் காது தப்பாகக் கேட்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கட்டிலில் கிடத்தியதும் எதற்கு இந்தப் பொய் என்று கேட்டேன்.

“நீ சும்மா கெட. ஊருக்கு ஒன்னு சொல்லித்தான ஆவணும்” என்று சொல்லிவிட்டு வெந்நீர் வைக்கப் போய்விட்டாள்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். வல்லத்திலிருந்து ஒரு வரன் பேச்சில் இருந்தது. ஆகாயத்தில் விழுந்து முதுகெலும்பு போன பெண் என்றால் பின்வாங்குவார்கள், பாத்ரூமில் விழுந்தவள் என்றால் பத்து போட்டால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவார்கள். இதுதான் அம்மாவின் கணக்காக இருக்கும். சண்டை போட அப்போது எனக்குத் தெம்பில்லை.

அதற்குப் பிறகு பார்க்க வந்தவர்கள் யாரும் என் முதுகைப் பற்றிக் கவலைப்படவில்லை. சாத்துக்குடிப் பையை அம்மா கையில் கொடுப்பார்கள். என்னைப் பார்த்து ஒரு தரம் உச்சுக்கொட்டுவார்கள். அப்படியே நேராகப் பாத்ரூமுக்குப் போய்விடுவார்கள். தரையைக் காலால் தேய்த்துப் பார்த்து, எங்கே விழுந்தாள், எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று கேட்பார்கள். அம்மாவும் ஓர் இடத்தைக் காட்டுவாள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடம். அசீசு அத்தை ஒரு படி மேலே போய், பச்சை நிறத்தில் மீன் படம் போட்ட ரப்பர் விரிப்பு ஒன்றை வாங்கி வந்து தன் கையாலேயே விரித்துப் போட்டாள். கால் வைத்தால் பசை மாதிரிப் பிடித்துக்கொள்ளும் என்றாள்.

இதில் மனம் நொந்துபோனது அவள் வீட்டுக்காரர் ஜகபர் அலி மாமாதான். செஞ்சியில் பாதி வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டியவர் அவர். எங்கள் பாத்ரூமும் அவர் கைவேலைதான். ஒரு நாள் காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். யாரிடமும் ஒன்றும் பேசாமல் பாத்ரூமில் தண்ணீரைக் கொட்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார்.

“பாத்துக்க பவுனு. வழுக்குதா? சொரசொரப்பு பாத்து பாத்து எடுத்த டைல்ஸ் இது. கோட்ட ரோட்டுல ஒரு ஊட்டு வேல பேசி வச்சிருந்தேன். பாரதி உழுந்த டைல்ஸாய்யா போடப் போறன்னு கேக்கறான்.”

அம்மா பதறிவிட்டாள். “டைல்ஸ் மேல குத்தமில்லண்ணா. சோப்பு தண்ணி. துணி அலசிட்டு நான்தான் அப்பிடியே வுட்டுட்டேன்.”

அந்தப் பொய்க்கு இப்படியாகச் சோப்பும் போட்டாயிற்று. அன்றைக்குச் சாயங்காலமே தெருவுக்கெல்லாம் சோப்புத் தண்ணீர் தெரிந்திருந்தது. புருஷன் பிழைப்பைக் காப்பாற்ற அசீசு அத்தை வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். டீக்கடையிலும் சொன்னாள். நைனா டூட்டி முடிந்து வந்து, சோப்புத் தண்ணிய கழுவி வுட மாட்டியா என்று அம்மாவைத் திட்டினார். விழுந்தது விமானத்தில் என்பது அவருக்கே மறந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். கம்பெனியிலிருந்து போன் வந்தது. விமானத்தில் அடிபட்டதாகச் சொல்கிறீர்கள், ஆனால் நடந்து இறங்கிப் போயிருக்கிறீர்கள், பஸ்ஸில் ஊருக்குப் போயிருக்கிறீர்கள், ஸ்கேன் அதற்கப்புறம்தான் எடுத்திருக்கிறீர்கள் என்று ஒரு குரல் வரிசையாகச் சொன்னது. நேரில் விசாரிக்க ஆள் வருவார் என்றது. வேலையில் பட்ட அடி என்று முடிவானால் குணமாகும்வரை என் இடம் எனக்கு இருக்கும். வெளியே பட்ட அடி என்றால் லீவு தீர்ந்ததும் என்னை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

எனக்கு அந்த வேலை வேண்டும். கூச்சப்படாமல் சொல்கிறேன், எனக்கு அது பிடிக்கும். செஞ்சி அரசுப் பள்ளியில் படித்து, கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷ் பேசிப் பேசிப் பழகி, மூன்று கம்பெனிகள் வேண்டாம் என்ற பிறகு கிடைத்த வேலை. எங்கள் ஊர்க் கோட்டை மலையான ராஜகிரியைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து வளர்ந்தவள் நான். வெளிச்சம் நன்றாக இருக்கிற நாளில் அதை மேலேயிருந்து பார்த்திருக்கிறேன். அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை, அதுவும் ஒரு சோப்புத் தண்ணீருக்காக.

“விசாரிக்க வர்றவர்கிட்ட உண்மைய சொல்லிடும்மா” என்றேன்.

“வூட்டுக்குத்தான வராரு, சொல்லிக்கலாம்” என்றாள்.

அவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். கோட்டை பார்க்க வந்த வேன்கள் எங்கள் தெருமுனையை அடைத்துக்கொண்டு நிற்கிற நாள் அது. நைனா டூட்டிக்குப் போயிருந்தார். வந்தவர் பெயர் இனியன், சென்னைக்காரர், சின்ன வயசு, மரியாதையாகப் பேசினார். நான் தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

“மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க” என்றார். “வழி தெரியாம டீக்கடையில உங்க பேரைச் சொல்லிக் கேட்டேன். பாத்ரூம்ல விழுந்த பொண்ணு வீடான்னு கேட்டாங்க. அடுத்து ஒரு மளிகைக்கடையில கேட்டேன். அங்கேயும் அதையேதான் சொன்னாங்க. ஒரு அம்மா இடத்தைக்கூட சொன்னாங்க, வாளி பக்கத்துலன்னு.”

அது பொய் என்று சொல்லத் தலையணையிலிருந்து நிமிர்ந்தேன். அதற்குள் வாசலில் கார் நிற்பதைப் பார்த்துவிட்டு அசீசு அத்தை உள்ளே வந்துவிட்டாள். என்ன ஏது என்று கேட்டாள். பாத்ரூம் என்ற சொல் காதில் விழுந்ததும் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

“நான் கண்ணால பாத்தேன் சார். சத்தம் கேட்டு ஓடியாந்து நான்தான் தூக்கனேன். சோப்பு தண்ணி. டைல்ஸ் மேல ஒரு குத்தமும் இல்ல, அத மட்டும் எழுதிக்கங்க.”

“அத்தை, ஏன் இப்படிப் பொய் சொல்ற?” என்று கத்தினேன். கத்தியதில் இடுப்பில் கத்தி இறங்கியது போல வலித்தது.

அவள் என் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். “வலியில இன்னாவோ பேசுது சார், பாவம்” என்றாள். அவளுக்கு என் மேல் உள்ள பிரியம் உண்மையானது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

இனியன் அம்மாவைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா. எங்க விழுந்தாங்க?”

அம்மா என்னைப் பார்த்தாள், அசீசு அத்தையைப் பார்த்தாள். தனக்காகச் சாட்சி சொன்னவளைப் பொய்க்காரி என்று அந்நிய ஆள் எதிரில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “டீ போட்டுக்கினு வரேன் சார்” என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அவர் பாத்ரூமை எட்டிப் பார்த்தார். மீன் படம் போட்ட ரப்பர் விரிப்பை போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். டீ வருவதற்கு முன்பே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மேடம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அசீசு அத்தையும் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு தன் வீட்டுக்குப் போனாள்.

அம்மா டீத்தம்ளரோடு வெளியே வந்தபோது நான் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். வல்லத்துக்காரனுக்குக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாயே என்றேன்.

“வல்லத்துக்காரனா?” என்றாள் அம்மா. “அவன் கெடக்கறான். அவனுக்காகவா சொன்னேன்?”

“பின்ன யாருக்காக?”

அவள் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “நீ வேலைக்கு போன அன்னிக்கி தெருக்கோடியில இருக்கற உன் பெரியப்பா இன்னா சொன்னாருன்னு உனக்கு தெரியாது. வயசுப் பொண்ண ஆகாசத்துல டீ ஊத்த அனுப்பறா, நாளைக்கி எங்கியாவது உழுந்து சாவட்டும்னாரு. தெருவே சொல்லிச்சி. அன்னிலேர்ந்து எல்லாத்துக்கும் நான்தான் பதில் சொல்லிக்கினு இருக்கறேன். மெத்த மேல போற மாதிரி போவுது பிளேனு, ஒன்னும் ஆவாதுன்னு. இப்ப பிளேன்ல அடிபட்டுச்சின்னா, அனுப்பனது தப்புன்னுதான சொல்லுவாங்க. உங்க நைனாவும் அவங்களோட சேந்துக்குவாரு. அப்புறம் உன்ன வுடுவாங்களா? பாத்ரூம்ல உழுந்தா யாரு மேலயும் தப்பு இல்ல. முதுகு சரியானா நீ பாட்டுக்கு போயிடலாம்.”

திட்டுவதற்கு நான் எடுத்து வைத்திருந்ததெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. கோபம் போகவில்லை, அழுகையும் வந்தது. என்னைத் திரும்ப அனுப்புவதற்காகவா இத்தனையும் செய்தாள்?

“இப்ப அந்த பாத்ரூம்தாம்மா என்னைப் போக விடாம பண்ணப் போகுது. அவரு அதை போட்டோ எடுத்துக்கிட்டுப் போறாரு” என்றேன்.

அம்மா எழுந்து பாத்ரூமுக்குள் போனாள். ஈரம் சொட்டச் சொட்ட ரப்பர் விரிப்பை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசற்படி வரைக்கும் நகர்ந்தேன். தெருமுனையில் ஒரு வேன் குறுக்கே நின்றதில் இனியனின் கார் இன்னும் போகவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

“அசீசக்கா” என்று அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள். “இந்தா, உன் ரப்பர் மேட்டு. எங்களுக்கு வேணாம். எம்பொண்ணு பாத்ரூம்ல உழல. நான்தான் பொய் சொன்னேன்.”

அசீசு அத்தை பதறிக்கொண்டு வெளியே வந்தாள். அம்மாவின் கையை அழுத்தி, கண்ணால் காரைக் காட்டினாள். “மெதுவா பேசு பவுனு, அந்த ஆளு இன்னும் போவல. நான் பாத்துக்கறேன், நீ உள்ள போ.”

“மெதுவா பேச மாட்டேன்க்கா. பறக்கற பிளேன்ல உழுந்தா. நின்னு வேல செய்யும்போது உழுந்தா.”

ஜகபர் அலி மாமா லுங்கியோடு வாசலுக்கு வந்தார். “அப்போ நம்ம டைல்ஸ்ல வழுக்கலியா?”

“உங்க டைல்ஸ்ல ஒரு ஈ கூட வழுக்கலண்ணா.”

இதற்காகவே இத்தனை நாள் காத்திருந்தவர் போல அவர் நேரே காரை நோக்கி நடந்தார். கண்ணாடியைத் தட்டினார். “சார், எறங்குங்க. நீங்க எழுதனது தப்பு. எறங்கி கேட்டுட்டுப் போங்க.”

டீக்கடையில் இருந்தவர்கள் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டார்கள். இனியன் இறங்கி வந்தார். அவர் முகத்தில் நம்பிக்கை துளியும் இல்லை. “அப்ப கேட்டப்போ சொல்லல. இப்ப மாத்திச் சொல்றீங்களேம்மா” என்றார்.

அசீசு அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. சாட்சி சொன்ன தன்னை நடுத்தெருவில் நிறுத்திவிட்டார்களே என்கிற மனத்தாங்கல் வேறு. “பிளேன்ல எப்பிடி பவுனு உழும்?” என்றாள். “பெல்ட் போடலியா?”

தெருவே அம்மாவைப் பார்த்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அம்மா முந்திக்கொண்டாள்.

“பிளேன்ல இருக்கற அத்தன பேரும் பெல்ட் போட்டாங்களான்னு நின்னு பாக்கறதுதான்க்கா அவ வேல. அவ போட்டாளான்னு பாக்க அங்க ஆளில்ல.”

அம்மா ஒரு நாளும் பெல்ட்டைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. நான் நைனாவிடம் எரிந்து விழுந்ததையெல்லாம் வெந்நீர் வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள் போல.

இனியன் போனை எடுத்தார். “இதை இன்னொரு தடவை சொல்றீங்களாம்மா? உங்க பேரையும் சேர்த்து.”

கம்பெனி நம்புமா என்று எனக்குத் தெரியாது. அம்மா விரிப்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை முந்தானையில் துடைத்தாள். தன் பெயரைச் சொன்னாள். பிறகு என் பெயரையும் நான் செய்கிற வேலையையும், பெரியப்பா வீடு வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.